கம்பெனி கைவிட்ட கார்: சாஃப்ட்வேர் சப்போர்ட், ரிப்பேர் உரிமை பத்தி ஒரு எளிய விளக்கம்

2024 ஜூன்ல ஃபிஸ்கர்னு ஒரு அமெரிக்க எலக்ட்ரிக் கார் கம்பெனி திவால் மனு போட்டுச்சு. அவங்க வித்தது ஓஷன்னு ஒரே ஒரு மாடல்தான். 2023 நடுவுல டெலிவரி ஆரம்பிச்சாங்க, ஆஸ்திரியாவுல கிராஸ் நகரத்துல இருக்கிற மேக்னா ஃபேக்டரியில தயாரிச்சாங்க, மொத்தமே சுமார் 11,000 வண்டிதான் வெளிய வந்துச்சு. பாக்க ரொம்ப அழகான வண்டி, 17 இன்ச் திரை நின்னவாக்குலயும் படுத்தவாக்குலயும் திரும்பும், கூரையில சோலார் பேனல், ஒரு பட்டனை அமுக்கினா எல்லாக் கண்ணாடியும் ஒண்ணா இறங்கும். டாப் மாடலுக்கு கிட்டத்தட்ட 70,000 டாலர் குடுத்து வாங்கினவங்க இருக்காங்க. அந்த வண்டி ஒரு வயசு முடியறதுக்குள்ளயே கம்பெனி இல்லாமப் போச்சு.

கம்பெனி மூடுறது புதுசு கிடையாதே, இதுல என்ன இருக்குன்னு கேக்கலாம். நம்ம ஊர் அம்பாசடரையே எடுத்துக்கங்க, 2014ல உற்பத்தி நின்னுச்சு, ஆனா இன்னைக்கும் அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காங்க, பார்ட் கிடைக்கலன்னா லேத்ல குடுத்து கடைஞ்சு போட்டுருவாங்க. ஏன்னா அந்த வண்டியைத் திறந்து பாக்க யார்கிட்டயும் பாஸ்வேர்டு கேக்க வேண்டியதில்ல. ஓஷன் கதை அப்படி இல்ல. சாஃப்ட்வேர்ல ஆரம்பத்துலேர்ந்தே ஏகப்பட்ட கோளாறு, எல்லாத்துக்கும் "அடுத்த அப்டேட்ல சரியாயிரும்"னு சொல்லியே வண்டியக் குடுத்தாங்க, அந்த அப்டேட்டை அனுப்புற சர்வரு, போன்ல இருக்கிற ஆப்பு, மெக்கானிக் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டிய மென்பொருள் எல்லாமே அந்தக் கம்பெனி கையிலதான் இருந்துச்சு. அந்தக் கம்பெனியே போயிட்டா?

இந்தக் கட்டுரை அதைப் பத்திதான். காருக்குள்ள சாஃப்ட்வேர்னா என்ன, சப்போர்ட் நின்னா வண்டிக்கு என்ன ஆகும், ரைட் டு ரிப்பேர், அதாவது ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைன்னு ஊரெல்லாம் பேசுறாங்களே அது என்ன கேக்குதுன்னு, கார் பத்தி எதுவும் தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி சொல்லிப் பாக்குறேன்.

முதல்ல ஈசியு. இது ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி. என்ஜினுக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு, ஏர்பேகுக்கு ஒண்ணு, கதவு லாக்குக்கு ஒண்ணுன்னு இப்போ வர்ற வண்டியில பல டஜன் இருக்கும். இதுங்க எல்லாம் பொதுவான ஒயர் வழியா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். எங்கயாவது தப்பு நடந்தா ஒரு எரர் கோடு பதிவாகும், டாஷ்போர்டுல செக் என்ஜின் லைட் எரியும். அந்தக் கோடைப் படிக்கிறதுக்குத்தான் ஸ்டீயரிங்குக்குக் கீழ, முழங்கால் படுற இடத்துல ஒரு 16 பின் சாக்கெட் வச்சிருக்காங்க, அதுக்குப் பேர் ஓபிடி போர்ட். அமெரிக்காவுல 1996 மாடல்லேர்ந்து எல்லாக் கார்லயும் இது கட்டாயம். புகை கட்டுப்பாட்டுக்காக கொண்டு வந்த சட்டம், ஆனா அதனால பெரிய நன்மை நடந்துச்சு, எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் வெளி மெக்கானிக் ஒரு ஸ்கேனரைச் சொருகி பி0301னு கோடு வந்தா "ஓஹோ, முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகுது, அதுல எரிபொருள் சரியா எரியல"ன்னு கண்டுபிடிச்சிரலாம்.

ஆனா அந்தப் பொதுவான கோடுங்க பெரும்பாலும் புகை, என்ஜின் சம்பந்தப்பட்டதுதான். மத்ததெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அங்கதான் பூட்டு ஆரம்பிக்குது.

ஒரு வேலையை எடுத்துப் பாப்போம், பின் சக்கரத்துக்கு பிரேக் பேடு மாத்துறது. பழைய டிஸ்க் பிரேக் வண்டின்னா வீலைக் கழட்டி, காலிப்பர், அதாவது பேடை அழுத்துற கவ்வியோட போல்ட்டை எடுத்து, பிஸ்டனை உள்ள தள்ளி, புது பேடைச் சொருகி மறுபடி மாட்டணும், அவ்ளோதான், கை பழகுனவங்களுக்கு பெரிய வேலையே இல்ல. இப்போ கை பிரேக் லீவருக்குப் பதிலா ஒரு பட்டன் வருது பாத்தீங்களா, அந்த வண்டியில காலிப்பருக்குப் பின்னாடி ஒரு குட்டி மோட்டார் உக்காந்திருக்கும். அந்த மோட்டார் தன்னோட ஸ்க்ரூவை முழுசா பின்னால இழுத்துக்கிட்டாத்தான் பிஸ்டன் உள்ள போகும். அதை இழுக்கச் சொல்ல வண்டியை சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போகணும். சில வண்டியில மெனுவுலயே அந்த ஆப்ஷன் இருக்கு, சில வண்டியில சாதாரண ஸ்கேனர் போதும், சிலதுல கம்பெனி சாஃப்ட்வேர், கம்பெனி லாகின் இருந்தாத்தான் முடியும். இது தெரியாம பழைய பழக்கத்துல அழுத்தித் தள்ளினா மோட்டாரோட கியர் போயிரும், பேடு செலவு காலிப்பர் செலவாயிரும். மெக்கானிக்குக்கு வேலை தெரியும், கையில ஸ்பேனர் இருக்கு, புது பேடும் இருக்கு, ஆனா ஒரு லாகின் இல்லாததால வண்டி ஜாக்கியிலயே நிக்கும்.

இன்னும் ரெண்டு பூட்டு இருக்கு. 2018 மாடல்லேர்ந்து ஃபியட் கிரைஸ்லர் வண்டிங்கள்ல செக்யூர் கேட்வேன்னு ஒண்ணு வச்சாங்க, ஓபிடி போர்ட்ல சொருகினா கோடைப் படிக்கலாம், ஆனா அழிக்கவோ, எதையாவது இயக்கிப் பாக்கவோ முடியாது, அதுக்கு மெக்கானிக் தன் பேரைப் பதிவு பண்ணி வருஷா வருஷம் கட்டணம் கட்டணும். இன்னொண்ணு பார்ட் பேரிங், அதாவது ஒரு பார்ட்டை ஒரே ஒரு வண்டியோட ஜோடி சேத்து வைக்கிறது. ஃபோக்ஸ்வேகன் குரூப் வண்டிங்கள்ல இதுக்கு காம்போனென்ட் ப்ரொடெக்‌ஷன்னு பேர். ஒரு வண்டியில இருந்து கழட்டுன ஒரிஜினல் மியூசிக் சிஸ்டத்தை, அதே மாடல் இன்னொரு வண்டியில மாட்டினாலும் ஒழுங்கா வேலை செய்யாது, கம்பெனி சர்வர்ல கேட்டு "ஆமா, இது இந்த வண்டியோடதுதான்"னு பதிவு பண்ணணும். திருட்டைத் தடுக்கத்தான் இதுன்னு சொல்றாங்க, அதுல உண்மையும் இருக்கு. ஆனா அந்த சர்வர் பதினஞ்சு வருஷம் கழிச்சும் ஓடுமான்னு கேட்டா யாரும் எழுத்துல குடுக்க மாட்டேங்கிறாங்க, என் கவலை அதுதான்.

அடுத்தது டெலிமேடிக்ஸ். பேரு பெருசு, விஷயம் சின்னது. வண்டிக்குள்ள ஒரு சிம் இருக்கு, அது மூலமா வண்டி எங்க இருக்கு, பேட்டரி எவ்வளவு, என்ன பிழைன்னு கம்பெனி சர்வருக்குத் தகவல் போயிட்டே இருக்கும், அங்கேர்ந்து அப்டேட்டும் காத்துலயே வரும். ஓபிடி போர்ட் ஓனர் கைக்கு எட்டுற இடத்துல இருக்கு, இந்த சிம் வழியாப் போற தகவல் நேரா கம்பெனிக்குத்தான். பிழை வந்தா உங்க மெக்கானிக்குக்குத் தெரியிறதுக்கு முன்னாடி கம்பெனிக்குத் தெரியும், உடனே "பக்கத்துல இருக்கிற நம்ம சர்வீஸ் சென்டருக்கு வாங்க"ன்னு திரையிலயே மெசேஜ் போடலாம்.

இப்போ சப்போர்ட் நிக்கிறதுக்கு வருவோம். கம்பெனி திவாலானாத்தான் நிக்கும்னு இல்ல. நெட்வொர்க் போனாலே போதும். 2022 பிப்ரவரியில அமெரிக்காவுல ஏடி அண்ட் டி 3ஜியை மூடுனப்ப, 3ஜி மோடம் வச்ச பல கம்பெனி வண்டிங்கள்ல, விபத்து நடந்தா தானா உதவிக்கு கால் போடுற வசதியே செத்துப் போச்சு. காசு குடுத்து வாங்குன பாதுகாப்பு வசதி அது. பிரிட்டன்ல 2024ல நிஸான் லீஃப் ஓனர்களுக்கு இதே மாதிரி நடந்துச்சு, 2ஜி நெட்வொர்க் நிக்கப் போகுதுன்னு காரணம் சொல்லி 2019க்கு முந்தின வண்டிங்களுக்கு ஆப்பை நிறுத்திட்டாங்க. வண்டி ஓடும், சார்ஜ் ஆகும், ஆனா குளிர் காலத்துல வீட்டுக்குள்ள இருந்தே வண்டியைச் சூடு பண்ணிக்கிறது, போன்லயே சார்ஜிங் எவ்வளவுன்னு பாக்குறதெல்லாம் போச்சு. மோடத்தைக் கழட்டி 4ஜி போட்டுத் தர்ற ஏற்பாடு அவங்களுக்கு எதுவும் பண்ணல.

வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கும் ஆயுசு உண்டு. டெஸ்லாவோட பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிங்கள்ல திரைக்குப் பின்னாடி 8 ஜிபி மெமரி சிப் ஒண்ணு இருந்துச்சு. சாஃப்ட்வேர் அதுல ஓயாம எதையாவது எழுதிக்கிட்டே இருந்ததால அஞ்சாறு வருஷத்துல சிப் தேஞ்சு போய் திரையே வராமப் போச்சு. திரை போனா பாட்டு மட்டும் போகல, பின்னாடி பாக்குற கேமராவும் போச்சு, கண்ணாடியில பனி படிஞ்சா அதைத் தெளிய வைக்கிற கன்ட்ரோலும் போச்சு. கடைசியில அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு கேட்டதுக்கப்புறம் 2021ல சுமார் 1,35,000 வண்டிங்களைத் திரும்ப வரவழைச்சு சரி பண்ணாங்க, இதைத்தான் ரீகால்னு சொல்றாங்க. டெஸ்லா உயிரோட இருந்துச்சு, அதனால முடிஞ்சது. அமெரிக்காவுல ரோட்டுல ஓடுற வண்டிங்களோட சராசரி வயசு 2024ல 12 வருஷத்துக்கு மேல. நாலு வருஷம் அப்டேட் குடுத்தாலே பெருசுன்னு நினைச்சுக்கிட்டிருந்த போன் உலகத்துப் பழக்கம், பதினஞ்சு இருபது வருஷம் ஓட வேண்டிய வண்டிக்குள்ள வந்து உக்காந்திருக்கு.

சரி, ஃபிஸ்கருக்குத் திரும்புவோம், ஏன்னா எல்லாப் பிரச்சனையும் ஒரே இடத்துல வந்து சேந்தது அங்கதான். திவாலான கம்பெனிகிட்ட விக்காம கிடந்த சுமார் 3,300 வண்டியை நியூயார்க்ல இருக்கிற அமெரிக்கன் லீஸ்ங்கிற நிறுவனம் மொத்தமா வாங்க ஒத்துக்கிச்சு. ஆப் டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுறவங்க இவங்க. விலை சுமார் 4.6 கோடி டாலர், அதாவது வண்டிக்கு 14,000 டாலர் பக்கம், அடிமாட்டு விலை. பாதி டீல் நடந்துட்டு இருக்கும்போது 2024 அக்டோபர்ல ஒரு குண்டு விழுந்துச்சு. இந்த வண்டிங்களோட தகவலை ஃபிஸ்கர் சர்வர்லேர்ந்து எடுத்து வேற சர்வருக்கு மாத்துறது தொழில்நுட்ப ரீதியா முடியாதுன்னு ஃபிஸ்கர் தரப்பே சொல்லிருச்சு. வண்டி வாங்கியாச்சு, சாவி கையில இருக்கு, ஆனா வண்டி பேசுறது செத்துக்கிட்டிருக்கிற ஒரு கம்பெனியோட சர்வர்கிட்ட. கோர்ட்டுல வாதம் நடந்து, கடைசியில அஞ்சு வருஷத்துக்கு அந்தச் சேவை கிடைக்க கூடுதலா 25 லட்சம் டாலர் தர்றதா ஒப்பந்தம் ஆச்சு. வக்கீல் வச்சுப் பேச முடிஞ்ச பெரிய வாங்குறவருக்கே இந்த நிலைமை.

தனி ஓனருங்க? ரீகால் வேலைக்கு பார்ட் நாங்க தர்றோம், லேபர் சார்ஜை நீங்களே கட்டிக்கங்கன்னு ஒரு கட்டத்துல ஃபிஸ்கர் சொல்லுச்சு. பாதுகாப்பு ரீகால்ல ஓனர்கிட்ட காசு வாங்குறது அமெரிக்க சட்டப்படி தப்பு, அரசாங்கம் ஆட்சேபிச்சதும்தான் பின்வாங்குனாங்க. ஓனருங்க சும்மா உக்காரல, ஃபிஸ்கர் ஓனர்ஸ் அசோசியேஷன்னு லாப நோக்கமில்லாத சங்கம் ஆரம்பிச்சு, பார்ட் எங்க கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கு இந்த வண்டி தெரியும்னு தேடி, சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஓனருங்க வண்டியோட உள் பேச்சைக் கேட்டுப் புரிஞ்சு தாங்களே டூல் எழுத ஆரம்பிச்சாங்க. நான் இவங்களை மனசாரப் பாராட்டுறேன். ஆனா கார் வாங்குன ஒருத்தர் தன் காரை ஓட்டுறதுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டிய நிலைமை எப்படி வந்துச்சுங்கிறதுதான் கேள்வி.

இந்த இடத்துலதான் ரிப்பேர் உரிமை வருது. அது கேக்குறது ரொம்ப எளிமையானது. கம்பெனி தன் டீலருக்குக் குடுக்கிற சர்வீஸ் மேனுவல், ஸ்பேர், ஸ்கேன் சாஃப்ட்வேர் இதெல்லாத்தையும் நியாயமான விலைக்கு ஓனருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் குடு. இலவசமாக் கேக்கல, டிசைனைக் கேக்கல.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் இதுல முன்னோடி. 2012ல மக்கள் வாக்கெடுப்புல 85 சதவீதத்துக்கு மேல ஆதரவு விழுந்துச்சு, இனி மாநிலத்துக்கு மாநிலம் சண்டை வேண்டாம்னு 2014ல கார் கம்பெனிங்களே நாடு முழுசுக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிச்சு. ஆனா அந்தச் சட்டத்துல டெலிமேடிக்ஸுக்கு விலக்கு இருந்துச்சு, கம்பெனிங்க கண்ணு அந்த ஓட்டை மேலயே இருந்துச்சு. அதை அடைக்க 2020ல மறுபடி வாக்கெடுப்பு, சிம் வழியாப் போற ரிப்பேர் தகவலும் ஓனருக்குக் கிடைக்கணும்னு. கார் கம்பெனிங்க பக்கத்துல இருந்து வந்த டிவி விளம்பரம் ஒண்ணுல, ஆளில்லாத பார்க்கிங்ல தனியா நடந்து போற ஒரு பொண்ணைக் காட்டி, உங்க கார் தகவல் தப்பான ஆள் கைக்குப் போயிரும்னு பயமுறுத்துனாங்க. அப்படியும் 75 சதவீதம் பேர் ஆதரவா ஓட்டுப் போட்டாங்க. உடனே கம்பெனிங்க வழக்குப் போட்டுச்சு. சுபாருவும் கியாவும் அந்த மாநிலத்துல விக்கிற புது வண்டிங்கள்ல டெலிமேடிக்ஸையே அணைச்சு வச்சாங்க, பகிர மாட்டோம், வேணும்னா யாருக்குமே வேண்டாம்ங்கிற மாதிரி. வழக்கு நாலு வருஷத்துக்கு மேல இழுத்து 2025 பிப்ரவரியிலதான் முதல்ல விசாரிச்ச கோர்ட்டுல தள்ளுபடி ஆச்சு. நடுவுல 2023ல மெய்ன் மாநிலமும் வாக்கெடுப்புல இதே மாதிரி சட்டம் கொண்டு வந்துச்சு.

காப்பிரைட் பக்கம் வேற ஒரு முட்டுக்கட்டை. அமெரிக்க டிஎம்சிஏ சட்டப்படி டிஜிட்டல் பூட்டை உடைக்கிறதே குற்றம். 2015ல வண்டி, டிராக்டர் ரிப்பேருக்கு விலக்கு குடுத்தாங்க, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்கணும். ஆனா பூட்டை உடைக்கிற டூலைச் செஞ்சு விக்கிறதுக்கு அந்த விலக்கு பொருந்தாது, அதாவது உடைக்கிற டூலை அவங்கவங்களே செஞ்சுக்கணும். எத்தனை விவசாயிக்கு அது முடியும்? ஜான் டீர் டிராக்டர் விஷயத்துல விவசாயிங்க வருஷக்கணக்கா சண்டை போட்டதாலதான் 2023ல கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்குன்னே ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டுச்சு.

கம்பெனிங்க சொல்ற முக்கியமான பதில் பாதுகாப்பு. அதை லேசா ஒதுக்கக் கூடாது. 2015ல சார்லி மில்லர், கிரிஸ் வாலசெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், நெடுஞ்சாலையில ஓடிட்டிருந்த ஜீப் செரோகியை வீட்டுல லேப்டாப் முன்னாடி உக்காந்துக்கிட்டே கன்ட்ரோல் பண்ணிக் காட்டுனாங்க, ஓட்டுனது ஒரு பத்திரிகையாளர். 14 லட்சம் வண்டிக்கு ரீகால் வந்துச்சு. ஆனா அந்த ஓட்டையை அடைச்சது எது? ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். ஓனருங்களுக்கு யுஎஸ்பி டிரைவ்ல போட்டு தபால்ல அனுப்புனாங்க, வண்டியில சொருகி அவங்களே ஏத்திக்கலாம். அப்போ பாதுகாப்புக் கவலையில மோசமான நிலைமை எதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஓட்டை இருக்கு, சிம்மும் இன்னும் உயிரோட இருக்கு, அடைக்க வேண்டிய கம்பெனி மட்டும் போயிருச்சு. பூட்டி வச்சது வண்டியைக் காப்பாத்தல, காப்பாத்த நினைக்கிறவங்களையும் வெளிய நிறுத்திருச்சு.

அதனால என்னோட கருத்து இதுதான். இப்போ இருக்கிற ரிப்பேர் சட்டங்க எல்லாம் கம்பெனி உயிரோட இருக்கும்னு நம்பி எழுதுனது. கம்பெனி போகும்போது என்னங்கிறதுதான் இனிமே முக்கியமான கேள்வி. வண்டி விக்கும்போதே எந்த வருஷம் வரை அப்டேட் உண்டுன்னு விலைப் பட்டியல்லயே போடணும். ஸ்கேன் சாஃப்ட்வேரும், வண்டியோட சாஃப்ட்வேர் பூட்டைத் திறக்கிற டிஜிட்டல் சாவிகளும் மூணாவது ஆள்கிட்ட முன்கூட்டியே ஒப்படைச்சு வைக்கணும், கம்பெனி மூடுனாலோ சப்போர்ட்டை நிறுத்துனாலோ அது ஓனருங்க கைக்கு வந்து சேரணும். இது நடக்காத காரியம் இல்ல. நெதர்லாந்துல வேன்மூஃப்னு ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் கம்பெனி 2023ல திவாலானப்ப, சைக்கிளோட டிஜிட்டல் சாவியை சர்வர் அணையிறதுக்குள்ள போன்ல எடுத்து வச்சுக்க கவ்பாய்ங்கிற போட்டிக் கம்பெனி ஒரு ஆப் எழுதிக் குடுத்துச்சு. போட்டிக்காரனுக்கு வந்த அக்கறையை ஏன் சட்டமா எழுதக் கூடாது?

இந்தியாவுல இது எங்க நிக்குது? பலருக்கு ஞாபகம் இருக்காது, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேரையும் ஸ்கேன் டூலையும் வெளி மெக்கானிக்குக்குத் தராம பூட்டி வச்சதுக்காக 14 கார் கம்பெனிங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. மேல்முறையீடு, வழக்குன்னு அது இழுத்துக்கிட்டே போச்சு. 2022ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டு, கார், போன், விவசாயக் கருவி, வீட்டுச் சாமான்னு நாலு துறைக்கு ஒரு போர்ட்டலும் திறந்துச்சு. கம்பெனிங்க மேனுவல், வாரன்ட்டி விவரத்தை அங்க போடலாம், கட்டாயமில்ல, அதுக்குன்னு தனிச் சட்டம் இன்னும் வரல. ஃபோர்டு 2021ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்சு, 2022 ஜூலையில மறைமலைநகர்ல கடைசி காரை உருட்டி வெளிய விட்டப்ப, சர்வீஸும் ஸ்பேரும் தொடரும்னு வாக்குக் குடுத்துட்டுப் போனதால ஓனருங்க பெருமூச்சு விட்டாங்க. அது கம்பெனி குடுத்த வாக்கு, சட்டம் குடுத்த உரிமை இல்ல. 2019ல இருங்காட்டுக்கோட்டையில தயாரான ஹூண்டாய் வென்யூலேர்ந்து சிம் போட்ட கார் நம்ம தெருவுலயும் சாதாரணமாயிருச்சு, அதுக்கெல்லாம் இப்போதான் வயசாக ஆரம்பிச்சிருக்கு.

புது வண்டி வாங்கப் போறீங்கன்னா ஷோரூம்ல சன்ரூஃப் பத்திக் கேக்குற அதே மூச்சுல இதையும் கேளுங்க. கனெக்டட் வசதி எத்தனை வருஷம் இலவசம், அதுக்கப்புறம் வருஷத்துக்கு எவ்வளவு? பணம் கட்டலன்னா எது எது நிக்கும்? இன்டர்நெட்டே இல்லாட்டியும் வண்டி திறக்குமா, ஸ்டார்ட் ஆகுமா, சார்ஜ் ஏறுமா? பிரேக் பேடு, பேட்டரி மாத்த கம்பெனி டூல் கட்டாயமா? பதில் வாய்ல சொன்னா மெயில்ல அனுப்பச் சொல்லுங்க. செகண்ட்ஹேண்ட் வாங்குறவங்க ஆர்சி மாத்துற அன்னைக்கே, பழைய ஓனரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஆப்புல இருந்து அவர் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுருங்க, இல்லன்னா உங்க வண்டி எங்க நிக்குதுன்னு அவர் போன்ல தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்படியே வண்டியை உங்க வெளி மெக்கானிக்கிட்ட ஒரு தடவை கொண்டு போய் அவரோட ஸ்கேனரைச் சொருகிப் பாக்கச் சொல்லுங்க, எந்த ஈசியு பதில் சொல்லுது, எது சொல்ல மாட்டேங்குதுன்னு காசு குடுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்.